பெயரில் ஒரு சாய்கோடு



நேயர்கள் தங்கள் அடையாள அட்டையைச் சற்றுக் கையில் எடுத்துப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோரின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' என்று இருக்கும். 'அனாக் லெலாக்கி' என்றால் மகன். 'அனாக் பெரம்புவான்' என்றால் மகள். அந்த இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறதே ஒரு கோடு, அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அந்தச் சிறு கோடு ஒரு குடும்பத்தை இரண்டு முறை வீண் அலைச்சல் அலைய வைத்தது.

புந்தோங்கில் எங்கள் வரிசையில் ஒரு மூதாட்டி இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். தோட்டம் கைமாறியபின் பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்தவர். உதவித்தொகைக்காக அவருடைய பேரன் கணினி வழியே ஒரு மனு அனுப்பியிருந்தான். சில வாரங்கள் சென்றும் பதில் வரவில்லை. நாங்கள் அவரை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். முகப்பில் இருந்த இளைஞர் பாட்டியின் பெயரையும், மனு அனுப்பிய பேரனின் பெயரையும் சேர்த்துத் தட்டித் தேடினார். "அப்படி ஒரு மனு வரவே இல்லை பாட்டி" என்றார். அடுத்த வாரமும் அதே பதில். "அனுப்பினேன்னு பையன் சொல்றானே தம்பி, பொய்யா சொல்லுவான்?" என்று பாட்டி கலங்கிப் போனார்.

மூன்றாம் முறை, உள்ளேயிருந்து வந்த மூத்த எழுத்தர் ஒருவர் பெயர்களை ஒவ்வொன்றாக மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினார். மனு வந்த நாளும் நேரமும் உடனே திரையில் வந்து நின்றன. மனு முதல் நாளே வந்து சேர்ந்திருக்கிறது. பையனும் பொய் சொல்லவில்லை, இளைஞரும் அலட்சியம் காட்டவில்லை. பிறகு தவறு எங்கே?

இதை விளங்கிக்கொள்ள, தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை என்று கிராணியார் நாள்தோறும் பதிந்து வைப்பார். கணினியும் அப்படித்தான். எந்த நேரத்தில் எந்த மனு வந்தது, யார் திறந்தார், எங்கே தடை ஏற்பட்டது என்று ஒவ்வொன்றையும் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். இந்த நாளேட்டுக்கு 'லாக்' என்று பெயர். முற்காலத்தில் கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் வீசி, அளந்ததை ஏட்டில் எழுதுவார்கள். கட்டையின் ஆங்கிலப் பெயரே ஏட்டுக்கு வந்து, பிறகு கணினிக்கும் வந்துவிட்டது.

கணினியின் ஏட்டில் இலட்சக்கணக்கான வரிகள் இருக்கும். கண்ணால் பார்த்துத் தேட முடியாது. அதற்காக ஒரு தேடல் மொழி வைத்திருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டில் டக் கட்டிங் என்பவர் எழுதிய 'லூசீன்' என்னும் தேடல் நிரலும், அதன்மேல் 2010இல் கட்டப்பட்ட 'எலாஸ்டிக்சர்ச்' என்பதும் உலகெங்கும் பயன்படுகின்றன. இவற்றில் சில குறிகளுக்குத் தனி வேலை உண்டு. கேள்விக்குறி ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும். உடுக்குறி எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். சொல்லின் முன் வரும் கழித்தல் குறி, அந்தச் சொல் உள்ள வரிகளை விலக்கச் சொல்லும்.

இக்குறிகள் நமக்குப் பகைவர்கள் அல்லர். முனியாண்டி என்ற பெயரின் ரூமி எழுத்துக்கூட்டலில், கடைசி எழுத்து சிலருக்கு 'ஒய்', சிலருக்கு 'ஐ'. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டால் இருவகையும் அகப்படும்.

ஆனால் சாய்கோட்டின் வேலை வேறு. லூசீன் மொழியில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வருவது பெயர் அன்று. அது எழுத்துகளின் அமைப்பைக் கூறும் ஒரு வாய்பாடு. நம் பெயரில் ஒரே ஒரு சாய்கோடு இருந்தால், கணினி அதன் இணையைத் தேடி, காணாமல், 'கேள்வி பிழை' என்று நிறுத்திவிடும். அது நல்லது, பிழை கண்ணுக்குத் தெரிகிறது. பாட்டி பெயரையும் பேரன் பெயரையும் சேர்த்துக் கேட்டபோது இரண்டு கோடுகள் சேர்ந்துவிட்டன. கணினி முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோடு வரை இருந்ததை வாய்பாடாக எடுத்துக்கொண்டது. பிழை என்று சொல்லாமல், நாம் கேட்காத ஒன்றைத் தேடி, 'இல்லை' என்று அமைதியாகச் சொல்லிவிட்டது.

இதற்குப் பரிகாரம் என்ன? தமிழ் எழுத்திலேயே அதற்கு ஓர் உவமை இருக்கிறது. 'க' என்று எழுதினால் அகரம் தானாகச் சேர்ந்து ஒலிக்கும். தலையில் ஒரு புள்ளி வைத்தால் அகரம் அடங்கி 'க்' ஆகிவிடும். அதுபோல, தனி வேலையுள்ள குறிக்கு முன்னால், இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்றை இட்டால், அக்குறியின் வேலை அடங்கிவிடும். அது வெறும் எழுத்தாகும். ஆகவே 'ஏ\/எல்' என்று எழுத வேண்டும். அல்லது மூத்த எழுத்தர் செய்தது போல முழுப்பெயரையும் மேற்கோள் குறிக்குள் இடலாம்.

இந்த விதி எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஏட்டைத் திரையில் காட்டும் 'கிபானா' என்னும் சாதனத்துக்குச் சொந்தத் தேடல் மொழி ஒன்று உண்டு. அதில் சாய்கோட்டுக்குத் தனி வேலை இல்லை. அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, உடுக்குறி போன்றவற்றுக்குத்தான் உண்டு. எலாஸ்டிக்சர்ச்சின் தேடல் மொழியிலோ, 'சிறியது', 'பெரியது' என்று காட்டும் கணக்குக் குறிகளை எந்தக் கோட்டாலும் அடக்க முடியாது. தேடும் வரியிலிருந்தே அவற்றை எடுத்துவிட வேண்டும். இன்னும் சில ஏடுகளில் பெயர் பதிவாகும்போதே சாய்கோடு நீக்கப்பட்டிருக்கும். அங்கே கோட்டை எப்படி எழுதித் தேடினாலும் அது அகப்படாது.

ஆகவேதான் விதியை எழுதி வைக்க வேண்டும். மூத்த எழுத்தருக்குத் தெரிந்தது இளைஞருக்கு ஏன் தெரியவில்லை? அது ஒருவர் மனத்தில் மட்டும் இருந்தது. பழைய கிராணியார் மாற்றலாகிப் போனபின், அவர் செக்ரோலில் இட்ட குறிகளின் பொருள் தெரியாமல் புதியவர் திணறினால், யாருடைய கூலி குறையும்? கிராணியாரின் கூலி அன்று.

நம் பிள்ளைகள் பலர் இன்று அலுவலகங்களில் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். நீங்கள் பயன்படுத்தும் தேடலுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். முதலாவது, எந்த மொழி, அதில் எந்தெந்தக் குறிகளுக்கு என்னென்ன வேலை என்று எழுதுங்கள். இரண்டாவது, அவ்வேலையை எப்படி அடக்குவது, எதை அடக்கவே முடியாது என்று எழுதுங்கள். மூன்றாவது, சரியான எடுத்துக்காட்டோடு தவறான எடுத்துக்காட்டையும், தவறுக்குக் கணினி தரும் பதிலையும் எழுதுங்கள். அந்த எடுத்துக்காட்டுகள் நம் ஊர்ப் பெயர்களாகவே இருக்கட்டும். ஏ/எல், ஏ/பி இல்லாத பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தால், இந்தப் பிழை ஒருநாளும் வெளிப்படாது.

முகப்புக்கு இப்பால் நிற்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். 'பெயர் இல்லை' என்ற பதில் வந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். கோடு இல்லாமல் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். அடையாள அட்டையின் பன்னிரண்டு எண்களைக் கொண்டும் தேடச் சொல்லுங்கள். மனு அனுப்பிய நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். ஏட்டில் இல்லாதது வேறு. கேட்ட முறையில் அகப்படாதது வேறு.

பாட்டியின் மனு இப்போது பரிசீலனையில் இருக்கிறது. அந்த முகப்பில் ஒரு சிறு தாளும் ஒட்டப்பட்டிருக்கிறது. 'பெயரில் சாய்கோடு இருந்தால் மேற்கோள் குறிக்குள் இடுக' என்று அந்த இளைஞரே தம் கையால் எழுதியிருக்கிறார்.