இறுதி வரிசைக்கும் எட்டும் கல்வி

(தமிழாசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

  

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர் பேசுகின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் பத்துப் பேர் விடை கூறுகின்றனர். 'பாடம் முடிந்தது' என்று ஏட்டில் எழுதப்படுகின்றது. எஞ்சிய முப்பது பேருக்கு என்ன முடிந்தது? இவ்வினாவை எழுப்பாத கல்வி கல்வியாகாது. வெறும் ஓசையே ஆகும்.

கற்பவனை நடுவில் வைத்துக் கற்பித்தல் மேலை நாட்டார் கண்ட புதுமை என்று கூறுவார் உளர். அன்று! 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் யாத்த நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டுக. கற்பவன் எவ்வகையால் ஏற்பானோ அவ்வகையை ஆசிரியன் முதற்கண் உணர்தல் வேண்டும். அதன் பின்னரே, அவன் உள்ளத்தில் பதியுமாறு, தன் நெஞ்சிற் கோணல் இன்றிக் கற்பித்தல் வேண்டும் என்பது அந்நூல் வகுத்த முறை. பாடத்தை அறிவதோடு ஆசிரியர் பணி முடிவதில்லை. பிள்ளையை அறிவதில்தான் அது தொடங்குகின்றது.

ஆயினும், உண்மையை மறைப்பது தமிழ்ப்பற்றாகாது. அதே பொதுப்பாயிரம், நூல் சொல்லத் தகாதோர் என ஒரு பட்டியலையும் தருகின்றது. கள்வன், வஞ்சகன் ஆகியோரோடு நோயுற்றவனும், உறங்குபவனும், அறிவு மெதுவானவனும் அதில் அடுக்கப்பட்டுள்ளனர். அன்றைய ஆசிரியன் தன் மாணாக்கனைத் தானே தேர்ந்தெடுத்தான். இன்றைய பொதுப்பள்ளி அவ்வாறு தேர்தல் இயலாது, கூடவும் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 அகவை வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வையற்ற பிள்ளையும் செவி கேளாப் பிள்ளையும் பிற பிள்ளைகளோடு ஒருங்கமர்ந்து கற்க வழி வகுத்தது. எனவே பவணந்தியாரின் முறையைக் கொள்க, பட்டியலைத் தள்ளுக!

உறங்குபவனையே எண்ணிப் பார்க்க. வகுப்பில் அவன் ஏன் உறங்குகின்றான்? வெறும் வயிற்றோடு வந்தவனுக்குக் கண் செருகாமல் என் செய்யும்? 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. ஒருவனைத் 'தகாதவன்' என்று ஒதுக்குமுன் அவன் பசியைக் கேட்டறிக என்பதே அதன் பாடம்.

இனி, படிநிலைகளைக் காண்போம். தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்புப் பிள்ளைகளும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஆந்திரத்து மதனப்பள்ளியை அடுத்த இரிசிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் அரும்பிற்று. பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. பாடங்கள் அட்டைகளாயின, அட்டைகள் ஏணியாயின. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து தன் விரைவில் ஏறலாயிற்று. கரும்பலகையும் பிள்ளையின் கையெட்டும் உயரத்திற்கு இறங்கிற்று. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளின் நிலைகளை அரும்பு, மொட்டு, மலர் என வகுத்தது. எத்துணை இனிய தமிழ்! அரும்பை எவரும் 'தோற்ற மலர்' என்று இகழ்வதில்லை அன்றோ?

எனினும் ஒன்று. அட்டையும் ஏணியும் தாமே கற்பியா. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சுமக்கும் பள்ளியில், எம்முறையும் ஏட்டளவில் நின்றுவிடும். தொடக்க நிலையில் 30 பிள்ளைகளுக்கு ஓராசிரியர் என்பது சட்டத்தின் அளவு. முறையைப் புகழ்வோர் ஆசிரியர் எண்ணிக்கையையும் கேட்டல் வேண்டும்.

உயர்நிலை வகுப்புகளிலோ நிலை வேறு. அங்குத் தேர்வே தலைமை தாங்குகின்றது. இலக்கணம் மனப்பாடச் சுமையாகின்றது. மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும் என்று நூற்பாவை முதலில் திணிப்பானேன்? 'மரம்', 'கிளை' என்னும் இரு சொற்களைத் தந்து சேர்த்துச் சொல்லச் சொல்லுக. 'மரக்கிளை' என்று எப்பிள்ளையும் கூறும். மகரம் எங்கே போயிற்று, ககரம் எங்கிருந்து வந்தது என்று வினவுக. விதியைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். பிள்ளையின் நாவிலுள்ள இலக்கணத்தை அதன் அறிவுக்குக் காட்டுவதே தமிழாசிரியர் தொழில்.

இங்குத்தான் தூய தமிழ் அன்பர்கள் தம்மைத் தாமே ஆராய்தல் வேண்டும். பிள்ளை தன் வீட்டு வழக்கில் வாய் திறந்தவுடன், 'இது கொச்சை' என்று அதட்டும் ஆசிரியர் உளர். அதட்டப்பட்ட பிள்ளை தூய தமிழ் பேசுவதில்லை, பேசுவதையே விட்டுவிடுகின்றது. கடற்கரைக் குப்பத்துப் பிள்ளையிடம் காற்றின் பெயர்களைக் கேட்டுப் பார்க்க. கொண்டல் என்னும், வாடை என்னும். ஆசிரியர் அகரமுதலியில் தேடும் சொல், அப்பிள்ளையின் தந்தை வலை வீசும் சொல்! உழவன் பிள்ளை மடையும் வரப்பும் நாற்றங்காலும் அறியும். அவர்களை இறுதி வரிசையில் அமர்த்திவிட்டுத் தமிழைக் காப்பது எங்ஙனம்?

வடபுலத்திலிருந்து தொழில் நாடி வந்தோரின் பிள்ளைகளும் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உளர். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்புத் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. அச்சட்டம் வெல்வது கண்டிப்பினால் அன்று. அப்பிள்ளை தன் மொழியில் தண்ணீரை எவ்வாறு அழைக்கின்றது என்று கேட்டுவிட்டு, 'தண்ணீர்' என்று கற்பிக்கும் ஆசிரியரின் கனிவினால் வெல்லும். தன் தாய்மொழிக்கு மதிப்புக் கேட்பவன், பிறன் தாய்மொழியை இகழான்.

ஆசிரியப் பெருமக்களே! நாளை வகுப்பில் நுழைந்தவுடன் இறுதி வரிசைக்குச் செல்லுக. அங்கு வாய் திறவாதிருக்கும் ஒரு பிள்ளையின் பெயரை அழைத்து, அது அறிந்த ஒரு சொல்லைக் கேளுங்கள். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க அதனைக் கற்கும் பிள்ளைகள் அனைவரும்!