பின்பக்கத்தைத் திருப்புங்கள்

(அன்னவாசலில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய அஞ்சலட்டைப் படங்களை எடுத்தது யார் என்று தேடுகிற வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கேட்டதும் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஊரில் எவ்வளவோ பிரச்சினை இருக்கும்போது நூறு வருடத்துக்கு முந்தைய படத்தை எவன் எடுத்தான் என்பதா இப்போது முக்கியம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், இந்த அட்டை கையில் கிடைக்கிற வரைக்கும்.

திருச்சியில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. உள்ளங்கை அளவுதான். மூன்று பேர் நிற்கிறார்கள். ஒரு வயதான பெண், ஒரு இளம்பெண், இடுப்பில் துணியில்லாத ஒரு பையன். பின்னால் பனை ஓலைக் குடிசை. பையன் மட்டும் நேராக கேமராவைப் பார்க்கிறான், மற்ற இருவரும் பார்க்கவில்லை. கீழே ஆங்கிலத்தில் ஒரு சாதிப் பெயரும் 'தென் இந்தியா' என்பதும் அச்சாகியிருக்கின்றன, அவ்வளவுதான். என்ன சாதிப் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேரை அந்தப் பெயரில் திட்டியிருப்பார்கள்.

இந்த மாதிரி அட்டைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. 1900-க்குப் பிறகு, முதல் உலகப் போர் தொடங்குகிற வரைக்கும் உலகம் முழுக்கப் பட அஞ்சலட்டைப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. இந்தியாவில் காலணா அஞ்சலட்டை 1879-லேயே வந்துவிட்டது. ஆனால் அது வெறும் அட்டை, படம் போட்டது பின்னால் வந்தது. மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்டு கிளைன் போன்ற நிறுவனங்கள் படங்களை வெளியிட்டன. பெரும்பாலும் படம் இங்கே எடுக்கப்பட்டது, அச்சு ஜெர்மனியில். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசியதும் அங்கேதான். நம் ஊர்ப் பெண் கட்டியிருந்த சேலை என்ன நிறம் என்பதை, அவளைக் கண்ணால் பார்க்காத ஒரு அச்சகத் தொழிலாளி முடிவு செய்தார். அவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

கோயில், கடற்கரை, ரயில் நிலையம், ஐரோப்பியர் வசித்த தெரு என்றெல்லாம் அட்டைகள் உண்டு. அதோடு 'உள்ளூர் மனிதர்கள்' என்று ஒரு வகை. துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், கள் இறக்குபவர், தோட்டி வேலை செய்பவர் என்று ஆளுக்கொரு அட்டை. இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர் அதை வாங்கி, 'இதுதான் எங்கள் டோபி' என்று எழுதி ஊரில் இருக்கிற அத்தைக்கு அனுப்புவார். படத்தில் இருப்பவர் அவருடைய டோபி கிடையாது. அது அவருக்குப் பொருட்டே இல்லை.

இந்தப் பார்வை அஞ்சலட்டையில் பிறந்ததும் இல்லை. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் கேயும் தொகுத்த 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதிப் புகைப்பட நூல் 1868 முதல் 1875 வரை வெளிவந்தது. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்று ஏழு தொகுதிகளை 1909-இல் கொண்டுவந்தார். மூக்கை அளந்தவர் அவர். ஆளைப் பிடித்து நிறுத்தி, சாதிக்கு ஒரு மாதிரி என்று எண் போட்ட அந்த வேலையின் சில்லறை வியாபாரம்தான் இந்த அட்டைகள்.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடக்கிறது. 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்குகிறார். எங்கள் மேல் ஒட்டிய பெயர் எங்கள் பெயர் இல்லை என்று வாரம் தவறாமல் எழுதுகிறார். அட்டை வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒரே நகரத்தில் ஒரு பக்கம் அந்தப் பெயரை அச்சடித்துக் கப்பலில் அனுப்புகிறார்கள், இன்னொரு பக்கம் அந்தப் பெயரை ஒருவர் மறுத்துக்கொண்டிருக்கிறார். எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் 'ஆதிதிராவிடர்' என்ற சொல் அரசு ஆவணத்தில் ஏற, 1922 ஆக வேண்டியிருந்தது. அட்டையில் அச்சான பெயரை எந்தத் தீர்மானத்தாலும் அழிக்க முடியவில்லை. இன்றைக்கும் இணைய ஏலத்தில் அதே தலைப்போடுதான் விற்கிறார்கள், விலை மட்டும் ஏறியிருக்கிறது.

சரி, எடுத்தவர் யார் என்று எப்படித் தேடுவது? முதலில் அட்டையைத் திருப்ப வேண்டும். எல்லோரும் படத்தைத்தான் பார்ப்பார்கள், தகவல் இருப்பது பின்னால். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் என்றிருந்தால் அட்டை பழையது. நடுவில் கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கு, மறு பாதி முகவரிக்கு என்று பிரிக்க பிரிட்டன் 1902-இல்தான் அனுமதித்தது, மற்ற நாடுகள் அடுத்தடுத்து வந்தன. அப்புறம் அஞ்சல் முத்திரைத் தேதி, அச்சான நாடு, வரிசை எண். எண் முக்கியம். 41 கையில் இருந்தால் 40-ம் 42-ம் எங்கேயோ இருக்கின்றன. ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே ஆள் எடுத்தவையாக இருக்கலாம். படத்தின் மூலையில் கண்ணாடி நெகட்டிவில் கீறிய எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். பின்திரை இருந்தால், அதே திரை வேறு ஸ்டுடியோப் படங்களில் வருகிறதா என்று ஒப்பிட வேண்டும். பழைய மெட்ராஸ் டைரக்டரிகளில் தொழில்வாரியாகப் பெயர்கள் உண்டு, அவற்றிலும் தேட வேண்டும்.

இதில் நான் முதலில் ஏமாந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தேதியைப் பார்த்துப் படத்தின் தேதி என்று நினைத்துவிட்டேன். பதிப்பாளர்கள் இருபது வருடப் பழைய நெகட்டிவைக்கூட வாங்கி அச்சடிப்பார்கள். ஒரே படம் இரண்டு நிறுவனங்களின் பெயரில், இரண்டு வெவ்வேறு சாதித் தலைப்போடுகூட வரும். தலைப்பு எழுதியவருக்கு ஆளைத் தெரியாது, விற்கிற பெயரைப் போட்டார்.

இந்தத் துறையில் நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன. 2018-இல் லண்டன் சோயாஸ் கல்லூரியில் ஸ்டீபன் ஹியூஸும் எமிலி ஸ்டீவன்சனும் மெட்ராஸ், பெங்களூர் அஞ்சலட்டைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை ஆயிரக்கணக்கில் மின்னாக்கம் செய்தது. மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் எங்கேயும் ஒரு கேள்வி எனக்கு இடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்தவர் பெயர் காணாமல் போனது. நிற்பவர் பெயர் காணாமல் போகவில்லை, அதை யாரும் எழுதவே இல்லை. இந்த இரண்டையும் 'பெயர் தெரியாதவர்' என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். முதலாமவர் கூலி வாங்கினார், பதிப்பாளர் அவர் பெயரை விழுங்கினார். இரண்டாமவரிடம் பெயர் என்ன என்று கேட்கவே இல்லை.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் அரசின் புகைப்படக்காரராக 1857 கடைசியில் கிளம்பி திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். புதுக்கோட்டைக்கென்றே ஒரு தொகுதி 1858-இல் வந்தது. பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள். மாட்டு வண்டிகளில் கேமரா, ரசாயனம், கூடாரம். டிரைப் பெயர் இன்று உலக அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அவரோடு ஐயாசாமி என்ற உதவியாளரும் வேலை செய்தார், மெட்ராஸ் கலைப்பள்ளியோடு தொடர்புடையவர். அவர் பெயராவது ஏதோ ஒரு வரியில் மிஞ்சியது. வண்டி ஓட்டியவர்கள்? கூடாரம் அடித்தவர்கள்?

அதைவிட முக்கியமாக, தண்ணீர் எடுத்து வந்தவர்கள்? அந்தக் காலப் புகைப்படம் தண்ணீரில் நடக்கிற வேலை. நெகட்டிவைத் திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அழுக்குத் தண்ணீர் பட்டால் படம் போச்சு. புதுக்கோட்டைச் சீமை வறண்ட பூமி. எந்த ஊருணியில், எந்தக் கிணற்றில் இறைத்தார்கள்? யார் இறைக்கலாம், யார் தொடக்கூடாது என்று அங்கே யார் சொன்னார்கள்? புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் ரசாயனத்தைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். தண்ணீரைப் பற்றி எழுதுவதில்லை.

நமக்குக் கேட்காமல் இருக்க முடியாது. வேங்கைவயல் இதே அன்னவாசல் ஒன்றியம். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே வந்தது. உலகத்துக்கே அதைக் காட்டியது கைப்பேசியில் எடுத்த படங்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளிகள் என்றது. கைப்பேசிப் படங்களும் உரையாடல்களும் ஆதாரமாகப் பேசப்பட்டன. இயக்கங்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டன. வழக்கின் உள்ளே இப்போது நான் போகவில்லை. அட்டையில் இருந்த பையனுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். நூறு வருடம் நம்மை அடுத்தவர்கள் எடுத்தார்கள், எடுத்தவர் யார் என்று ஒரு போலீசும் கேட்கவில்லை. கேமரா நம் கைக்கு வந்ததும், எடுத்தவன் யார் என்பதுதான் முதல் விசாரணை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சித்தன்னவாசல். எல்லோரும் அறிவர் கோயில் ஓவியத்தைப் பார்ப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்த இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. தாமரைக் குளத்தை வரைந்தவர் பெயர் இல்லை. ஆனால் மேலே ஏழடிப்பட்டத்துக்கு ஏறிப் பாருங்கள். ஏறத்தாழ 2,000 வருடத்துக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்தில், இந்தப் படுக்கையைச் செய்தவர் சிறுபொசில் இளையர் என்று பாறையில் வெட்டியிருக்கிறது. யாருக்காகச் செய்யப்பட்டது என்பதோடு செய்தவர் பெயரையும் ஊரையும் எழுதுகிற பழக்கம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. அஞ்சலட்டைக்காரர்களிடம் இடம் இல்லாமல் போனது என்று சொல்லாதீர்கள், சாதிப் பெயர் எழுத இடம் இருந்ததே.

என் அட்டையை எடுத்தவரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வரிசை எண்ணை வைத்து இரண்டு அட்டைகளின் ஸ்கேன் கிடைத்திருக்கிறது. ஒன்றில் அதே குடிசை, வேறு ஆட்கள். வாசலில் மூன்று கால் தாங்கியின் நிழல் விழுந்திருக்கிறது, பக்கத்தில் தொப்பி இல்லாத ஒரு தலையின் நிழல். துண்டு கட்டிய தலை மாதிரி தெரிகிறது. வெள்ளைக்காரத் துரை எடுத்தது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன், அது ஆட்டம் கண்டுவிட்டது. நம்மவர் ஒருவர் எடுத்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியா, கோபமா? நேர்மையாகச் சொன்னால், இரண்டும்.

கடைசியாக ஒன்று. எங்கள் அப்பாயிக்கு வாழ்நாளில் ஒரே படம்தான், வாக்காளர் அட்டையில் இருப்பது. ஸ்டுடியோவுக்குப் போகக் காசும் இல்லை, போனால் உள்ளே விடுவார்களா என்ற பயமும் இருந்தது. சேஷன் காலத்தில் அட்டை வந்தபோது பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தார்களாம். யார் எடுத்தது என்று ஊரில் கேட்டுப் பார்த்தேன். டவுனிலிருந்து ஒரு பையன் வந்தான், பெயர் ஞாபகமில்லை என்றார்கள். பின்னால் வெள்ளை வேட்டியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அதில் ஒருவர் என் சித்தப்பா. காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடித்தேன், கை கடுத்துப்போச்சு, ஒரு டீ வாங்கித் தந்தான் என்றார். இதை அந்த அட்டையின் ஜெராக்ஸுக்குப் பின்னால் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் வரும்போது வீட்டில் இருக்கிற பழைய படங்களை எடுத்து வாருங்கள். கல்யாணப் படம், சாவுப் படம், ரேஷன் கார்டு, எதுவானாலும். சட்டத்திலிருந்து கழற்றும்போது பின்னால் ஒட்டியிருக்கிற காகிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணலாம். அதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, நிற்பவர்கள் பெயரையெல்லாம் இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அப்பா பெயரை மட்டும் போட்டு 'மனைவி, குழந்தைகள்' என்று எழுதி வரக் கூடாது.