ஊர்த் தண்ணீரும் நம் ஆய்வகமும்
(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 'கல்லூரியும் சமுதாய நலனும்' என்பது தலைப்பு. இந்தத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் பேசலாம், ஒன்றுமே பேசாமல் இறங்கியும் போகலாம். அதனால் நான் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன். குடிநீர்ச் சுத்திகரிப்புதான் எனக்குச் சோறு போடும் தொழில். அந்த வேலையாக மூன்று வருடம் கொல்கத்தாவில் இருந்தேன். அங்கே கல்லூரி வாத்தியார்கள் செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வங்காளத்துக் கிராமங்களில் முன்பு குளத்துத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதைத் தடுக்க ஊர் ஊராகக் கைப்பம்பு போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? 1983ல் கல்கத்தாவில் கே.சி. சாகா என்ற தோல் மருத்துவரிடம், உடம்பெல்லாம் புள்ளியும் உள்ளங்கையில் தடிப்புமாகக் கிராமத்து ஆட்கள் வந்தார்கள். காரணம் அந்தப் பம்புத் தண்ணீரில் இருந்த ஆர்செனிக். வெள்ளைப் பாஷாணம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சாதி விஷம். நிறமில்லை, வாசனையில்லை, ருசியுமில்லை. அளந்து பார்த்தால்தான் உண்டு.

அளந்தவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல்காரர் தீபங்கர் சக்ரவர்த்தி. 1988ல் இந்த வேலையில் இறங்கினார். 2018ல் காலமாகும் வரை விடவில்லை. அவரும் அவருடைய சுற்றுச்சூழல் ஆய்வுத் துறை மாணவர்களும் மேற்கு வங்காளத்தின் 19 மாவட்டங்களிலும் சுற்றி, 20 வருடத்தில் 1,40,150 குழாய்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தார்கள். எண்ணை இன்னொரு தடவை சொல்கிறேன்: 1,40,150. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு, இதுதான் 1993 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. சோதித்ததில் ஏறக்குறையப் பாதிக் கிணறுகள் அதைத் தாண்டின. ஒரு கட்டுரை எழுத ஐந்நூறு மாதிரி போதும் சார். மீதியெல்லாம் அந்தந்த வீட்டுக்காரருக்காக.

அளந்தாயிற்று, அப்புறம்? இங்கே ஹௌராவின் பெங்கால் என்ஜினியரிங் கல்லூரி வருகிறது. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகப் பேராசிரியர் அரூப் சென்குப்தாவோடு சேர்ந்து, 1997 முதல் கைப்பம்பின் தலையிலேயே ஒரு வடிகலனைப் பொருத்தினார்கள். உள்ளே நூறு லிட்டர் அளவுக்கு அலுமினா மணிகள், அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், மருந்து கலக்க வேண்டாம். எல்லாச் சாமானும் உள்நாட்டிலேயே கிடைப்பவை. ஒரு கலன் 200, 300 குடும்பத்துக்குப் போதும். அன்றாடம் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்கள். மேற்பார்வை கல்லூரி.

மாணவர்களுக்காக ஒரு நுணுக்கம் சொல்கிறேன். மணிகள் விஷத்தைப் பிடித்து நிரம்பியதும் காஸ்டிக் சோடாவில் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். கழுவிய விஷம் எங்கே போகும்? இரும்போடு சேர்ந்து கொஞ்சம் சேறாக நிற்கும். அதைக் குளத்திலோ குப்பைமேட்டிலோ கொட்டினால் காற்றில்லாத சகதிக்குள் இரும்பு கரையும், விஷமும் கூடவே வெளியே வரும். பூமிக்கடியில் நடந்ததும் இதே ரசாயனம்தான். ஆகவே அந்தச் சேற்றை அங்கேயே, காற்றுப் படுகிற மணல் படுகையில் வைத்துக் காக்கிறார்கள். குப்பையை எங்கே வைப்பது என்பது வரைக்கும் யோசித்தவனைத்தான் நான் என்ஜினியர் என்பேன்.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். சந்தையில் பல கம்பெனிகள் வடிகலன் விற்றன. 18 கலன்களை ஜாதவ்பூர்க்காரர்கள் இரண்டு வருடம் விடாமல் சோதித்து 2005ல் வெளியிட்டார்கள். அன்றைய இந்திய வரம்பான 50 மைக்ரோகிராமுக்குள் கடைசிவரை நின்றவை இரண்டே இரண்டு! திறப்பு விழா அன்று எல்லாக் கலனும் நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். பதினெட்டாவது மாதம் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி போகிற ஆள் யார் என்பதுதான் கேள்வி. விற்றவர் போகமாட்டார். சம்பளமும் ஆய்வகமும் பக்கத்திலேயே இருக்கிற வாத்தியார்தான் போக முடியும்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். தர்மபுரிச் சீமைக்கு ஆர்செனிக் இல்லை, ஃபுளோரைடு இருக்கிறது. பாறையிலிருந்து கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5க்கு மேல் கூடாது. தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு முடங்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது, பெரிய காரியம். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் கை போவது போர்வெல் பக்கம்தானே? எந்த போர்வெல் பரவாயில்லை, எது கூடாது என்று அந்த வீட்டு அம்மாவுக்கு யார் சொல்வது?

2014ல் மத்திய அரசு உன்னத் பாரத் அபியான் தொடங்கியதிலிருந்து கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. நல்ல திட்டம். பேனர் கட்டி, படம் எடுத்து, வேனில் திரும்பி வருவதும் அதே கணக்கில்தான் சேர்கிறது, என்ன செய்ய! ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு, விடைத்தாள், பதவி உயர்வுக்குக் கட்டுரை. இதற்கு நடுவே கிராமத்துக்குப் போ என்றால் யாரால் முடியும்? முதல்வர் அய்யா அவர்கள் மனது வைத்து, தண்ணீர்ச் சோதனைக்குப் போகும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணி நேர வகுப்பைக் குறைத்தால் முடியும்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம் கூடல் நினைவாக நுழைவாயிலில் வளைவு கட்ட வசூல் நடக்கிறது. பெரியவர்கள் கோபிக்கக் கூடாது, கல்லூரிக்கு வாசல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பணத்தில் வேதியியல் ஆய்வகத்துக்கு ஃபுளோரைடு அளக்கும் மின்முனையும் மீட்டரும் வாங்குவோம். ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் யார் பாட்டிலோடு வந்தாலும் இலவசமாகப் பார்த்து, முடிவைத் தமிழில் எழுதிக் கையில் கொடுப்போம். கிணறு வாரியாக ஒரு நோட்டு இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவர்கள் அதே கிணற்றுக்குத் திரும்பப் போகட்டும். எண் கூடுதலாக வந்தால் பஞ்சாயத்துத் தலைவரிடமும் குடிநீர் வாரியத்திடமும் எழுதிக் கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு. அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கா பஞ்சம்?

மின்முனை நிரந்தரமாக உழைக்காது, அவ்வப்போது மாற்ற வேண்டும். ரசாயனத்துக்கும் செலவு உண்டு. முதல் மூன்று வருடத்துக்கு அதை என் செட் நண்பர்கள் ஏற்கிறோம். நேற்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் பேசி முடித்துவிட்டோம். வளைவுத் தீர்மானம் மதியம் மூன்று மணிக்குப் பொதுக்குழுவில் வருகிறது. சாப்பிட்டுவிட்டு யாரும் கிளம்பிவிடாதீர்கள்.