கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பேருந்து நேரத்துக்கு வராத ஊர்ப் பள்ளிகளுக்கு நம்மில் பலரைக் கொண்டு சேர்ப்பது பழைய இருசக்கர வண்டிதான். என்னிடம் இருப்பது பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். அதை வைத்தே சொல்கிறேன்.

வண்டி இழுக்கவில்லை என்றால் "பிளேட் போச்சு சார்" என்று உடனே பதில் வரும். போயிருக்கலாம். ஆனால் காசு செலவில்லாமல் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு.

கிளட்சுக்குள் உராய்வுப் பிளேட்டும் இரும்புப் பிளேட்டும் மாறிமாறி, இன்ஜின் ஆயிலில் நனைந்தபடி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடிக்கும். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விலகும். ஆகவே கோளாறும் இரண்டு வகைதான். மேட்டில் ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னே இழுக்கிறது, நியூட்ரல் விழவில்லை என்றால் பிளேட் விலகவில்லை. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பிள்ளைகள் நடுவே நிற்கும்போது இந்த இரண்டாவதுதான் ஆபத்து. அதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் லீவரைப் பாருங்கள். அதன் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும். வகுப்பில் இருக்கும் அளவுகோலே போதும். அசைவே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கும். பிளேட் வழுக்கிக் கருகும். அசைவு அதிகமானால் பிளேட் முழுதாக விலகாது. கேபிளின் இன்ஜின் பக்க முனையில் நட்டுகள் இருக்கின்றன. பூட்டு நட்டைத் தளர்த்தி, மற்றதைத் திருகிச் சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி அசைவு மாறுகிறதா என்றும் பாருங்கள். லீவர் முனையில் கேபிளின் இழை ஒன்றிரண்டு அறுந்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஆயில். மலிவு என்றோ மீந்தது என்றோ கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்ற குறி இருக்கிறதா பாருங்கள். அளவு பார்க்கும்போது வண்டியைச் சமதளத்தில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் திருகாமல் உள்ளே வைத்து எடுக்க வேண்டும்.

லீவர் மேல் இரண்டு விரலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அதை விட்டாலே பிளேட் நெடுநாள் உழைக்கும்.

இத்தனைக்கும் பிறகு வழுக்கினால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். அப்படியே ஓட்டினால் இரும்புப் பிளேட்டும் சேர்ந்து கெடும். மாற்றிய பிறகு பழைய உராய்வுப் பிளேட் ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். எட்டாம் வகுப்பு உராய்வுப் பாடத்துக்கு அதைவிட நல்ல கற்பித்தல் துணைக்கருவி கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பில் வெர்னியரால் அதன் தடிமனையும் அளக்கச் சொல்லலாம். சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் வருகைப் பதிவேட்டில் ஆயில் கறைதான்.