கைக்குத் தெரியாத மின்னல்

மின்னல் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பது மாந்தர் இயல்பு. ஆயினும், மனிதரின் விரல்நுனியிலிருந்தும் சிறு மின்னல் பாய்வதுண்டு. இரு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போதும், ஒன்றோடொன்று உராயும்போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இலத்திரன்கள் செல்கின்றன. அவ்வாறு சேர்ந்த மின்னேற்றம் ஓட வழியின்றித் தங்கி நிற்குமாயின், அதனை நிலைமின் என்பர். வழி கிடைத்த கணமே அது பாய்ந்துவிடும்.

இப்பாய்ச்சலை மனிதத் தோல் உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ற்று வேண்டும். இலத்திரனியற் சில்லுகளிற் சிலவோ, 100 வோல்ற்றுக்கும் குறைந்த பாய்ச்சலிலேயே பழுதடைகின்றன. ஆகவே, பொதியிடுபவரின் கைக்கு ஒன்றும் தெரியாமலே பொருள் கெட்டுப்போகலாம். அதனினும் கொடியது அரைகுறைப் பழுது. சோதனையின்போது செவ்வனே இயங்கிய மின்சுற்றுப் பலகை, சில திங்கள் கழித்து, தொலைநாட்டு மருத்துவமனைக் கருவி ஒன்றினுள்ளே ஓய்ந்துவிடக்கூடும். அங்கே காத்திருக்கும் நோயாளியின் இடருக்கு, ஓர் உறையில் மிச்சம்பிடித்த காசு எவ்வாற்றானும் ஈடாகாது.

இலங்கையின் கரையோரக் காற்று ஈரம் மிக்கது. ஈரக் காற்றிலே பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படிகின்றது. மின்னேற்றம் அதன் வழியே கசிந்து போய்விடுகின்றது. கம்பளத்தின்மேல் நடப்பவரின் உடலிலே, ஈரக் காற்றில் 1,500 வோல்ற்றளவு சேருமாயின், மிக உலர்ந்த காற்றில் 35,000 வோல்ற்று வரையிற் சேரலாம். கொழும்பிலே பொதி கட்டுபவர் நிலைமின்னைப் பெரிதாக எண்ணாமைக்குக் காரணம் இதுவே. ஆனால், பொதி கொழும்பிலே நின்றுவிடுவதில்லை. மாரிகாலத்து ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், வெப்பமூட்டிய அறைகளின் காற்று பெரிதும் உலர்ந்திருக்கும். அத்தகைய அறையிலேதான் பல பொதிகள் பிரிக்கப்படுகின்றன. எனவே, உறையைத் தெரிவுசெய்பவர், பொதி கட்டும் மேசையை அன்று, அதன் பயணத்தில் மிக உலர்ந்த இடத்தையே மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சந்தையிற் கிடைக்கும் உறைகள் பலவகை. சாதாரணப் பொலித்தீன் உறை தானே மின்னேற்றத்தைப் பிறப்பிப்பது. இலத்திரனியற் பலகைக்கு அது பகை. இளஞ்சிவப்பு நிறமுடைய பொலித்தீன் உறை விலை மலிந்தது. அதனுட் கலந்த மருந்துப்பொருள் மேற்பரப்புக்கு வந்து காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொள்வதால், மின்னேற்றம் அங்கே மிகுதியாகச் சேர்வதில்லை. ஆனால், இதன் வலிமை ஈரத்தையே நம்பியுள்ளது. உலர்ந்த நாட்டில் அது தளரும். நாட்பட நாட்படத் தேயும். வெளியிலிருந்து பாயும் மின்னையோ அது ஒருபோதும் தடுப்பதில்லை.

அதனைத் தடுப்பது வெள்ளி நிறமுடைய கவச உறை. அதன் தத்துவம் புதியதன்று. 1836ஆம் ஆண்டில் மைக்கல் பரடே என்னும் அறிஞர், 12 அடி அளவான பெருங் கூண்டொன்றை உலோகத்தாற் போர்த்து, அதற்கு மின்னேற்றித் தாமே அதனுட் புகுந்திருந்தார். வெளியே தீப்பொறி பறந்தபோதும் உள்ளே மின்னின் அறிகுறி யாதுங் காணப்படவில்லை. கவச உறையிலுள்ள மிக மெல்லிய அலுமினியப் படலம் செய்யும் தொழிலும் அதுவே. இதனினும் தடித்த தகட்டுறை ஈரத்தையும் தடுப்பது, விலையும் கூடியது. ஈரத்தாற் கெடும் சில்லுகளுக்கு மட்டுமே, ஈரமுறிஞ்சும் பொருளோடு சேர்த்து அதனைப் பயன்படுத்துதல் தகும். காபன் கலந்த கரிய உறை மின்னைக் கடத்துமாதலால், மின்கலம் பொருத்திய பலகையை அதனுள் இட்டால் கலம் வீணே வடிந்துபோகலாம்.

சிக்கனம் என்பது எல்லாவற்றுக்கும் மலிந்த உறையை வாங்குவதன்று. எல்லாவற்றுக்கும் உயர்ந்த உறையை வாங்குவதுமன்று. மூடிய பெட்டியுடன் முழுமைபெற்ற வானொலி போன்ற பொருளுக்குப் பெரும்பாலும் கவச உறை வேண்டியதில்லை. அதிர்ச்சி தாங்கும் நல்ல பொதியே போதும். தொழிலாளர் மணிக்கட்டுப் பட்டி அணிந்து, அது புவியோடு தொடுக்கப்பட்டிருக்கும் காப்பிடத்தினுள்ளே, மேசைக்கு மேசை செல்லும் பலகைக்கு இளஞ்சிவப்பு உறை போதும். வெறும் பலகையும் தனிச் சில்லும் அக்காப்பிடத்தின் வாயிலைக் கடக்கும்போதே கவச உறை இன்றியமையாததாகின்றது. இவ்வாறு தரம் பிரித்து வாங்குபவருக்கே செலவு குறையும்.

வாங்கிய உறையையும் முறைப்படி கையாளுதல் வேண்டும். வாய் திறந்த கவசம் கவசமாகாது. மடித்து ஒட்டுதல் அவசியம். அளவுக்கு மிஞ்சிய பெரிய உறை வீண்செலவு. துளையும் கடுஞ் சுருக்கமும் இல்லாத உறையை மீண்டும் பயன்படுத்தலாம். கிழிந்ததை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தலாகாது. ரெஜிபோம் எனப்படும் வெண்ணுரைக் கட்டி எளிதில் மின்னேறுவதாதலால், அது உறைக்கு வெளியேதான் இருத்தல் வேண்டும். பெறுபவரும் புவித்தொடுப்புள்ள மேசையில் வைத்தே உறையைப் பிரித்தல் நன்று. அவருக்கு இதனை நினைவூட்டும் எச்சரிக்கைச் சீட்டை ஒட்டுவதற்குச் செலவு அற்பம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் முன்னோர். அளந்து போடுதல் என்பது குறைத்துப் போடுதல் மட்டுமன்று. வேண்டிய இடத்திலே வேண்டிய அளவு போடுதலும் ஆகும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத பகையிடமிருந்து பொருளைக் காப்பவருக்கு அந்த அளவறிவே முதற் கருவி.