நம் வீட்டு வாகனமும் அண்டை வீட்டு உறக்கமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

ஆண்டுக் கூட்டத்தில் தொழுகையைப் பற்றியோ, மக்தப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ நான் பேசுவது வழக்கம். இவ்வாண்டு மோட்டார் சைக்கிளின் சைலன்சரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இமாமுக்கும் சைலன்சருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். நான் செய்த ஒரு தவறுதான் அந்தத் தொடர்பு. அதை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

கடந்த ரமலானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்த பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். அவருடைய மகனின் வண்டியைக் காவல் துறையினர் பிடித்துச் சென்றுவிட்டனர். "ஹஜ்ரத், பையன் கெட்டவன் அல்லன். பள்ளியின் கடிதத்தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்" என்றார். அவர் கண் கலங்கியதைக் கண்டு, வண்டி எதற்காகப் பிடிபட்டது என்பதைக்கூட முழுமையாகக் கேட்காமல், நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். வண்டி திரும்பி வந்தது. அதிலிருந்த சைலன்சரும் அப்படியே திரும்பி வந்தது.

பெருநாள் கழிந்து சில நாட்களில் ஒரு தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய மகள் பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். பச்சிளங்குழந்தை இரவு பதினொரு மணிக்கும் நள்ளிரவிலும் அந்த வண்டியின் ஓசையில் வெடுக்கென்று விழித்து, நீலம் பாரித்து அழுகிறது என்றார். கடைசியாக அவர் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது: "ஹஜ்ரத், நீங்கள் எழுதிக் கொடுத்துத்தானே அந்த வண்டி வெளியே வந்தது?" என்னிடம் மறுமொழி இல்லை.

அதன் பிறகே இவ்விஷயத்தை நான் கற்றுக்கொள்ள முற்பட்டேன். மெக்கானிக் ஒருவரிடமும், வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டறிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்த பின், மிகுந்த அழுத்தத்திலுள்ள புகை ஒவ்வொரு முறையும் வெடிப்பது போல் வெளியேறுகிறது. ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழன்றால், நொடிக்கு 50 வெடிப்புகள் நிகழ்கின்றன. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும், துளையிட்ட குழாய்களும், சிலவற்றில் உள்ள இழைப் பஞ்சும் அந்த அதிர்வைத் தணித்து அனுப்புகின்றன. இவற்றை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்தினால், அந்த ஐம்பது வெடிப்பும் தணியாமல் தெருவுக்கு வந்து சேர்கிறது.

வண்டியின் வேகம் கூடும் என்று நம் பிள்ளைகள் நம்புகிறார்கள். எஞ்சினும் எரிபொருள் அளவும் பழைய சைலன்சருக்கு ஏற்பவே அமைக்கப்பட்டிருப்பதால், அதை மட்டும் மாற்றுவதால் பெரும்பாலும் ஓசைதான் கூடுகிறது என்றார் அந்த மெக்கானிக். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளின் புகைப் பாதையில் நச்சுப் புகையைக் குறைக்கும் கருவியும், ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் உள்ளன. வெட்டும்போது அவையும் கெடுகின்றன. ஓசையோடு நஞ்சையும் சேர்த்தே பரப்புகிறோம்.

ஓசையை டெசிபல் என்னும் அளவால் அளக்கிறார்கள். இதன் கணக்கு படியும் மரக்காலும் போன்றதன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. இருபது கூடினால் நூறு மடங்காகிறது. 2005 ஏப்ரல் முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களுக்கு உற்பத்தி நிலையில் வரம்புகள் வகுக்கப்பட்டன: 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. பயணியர் காருக்கு 74. அதாவது, கடையிலிருந்து வரும்போது வண்டி சட்டத்திற்கு உட்பட்டே வருகிறது. வரம்பு மீறல் நம் ஊர்ப் பட்டறையில், நம் பணத்தில் நடக்கிறது.

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அங்கே இரவில் 40 மட்டுமே. இரைச்சலின்றி வாழ்வது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. ஒலி விதியை மீறும் வண்டியை ஓட்டினால், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அத்துடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் இழப்பு. அனுமதியின்றி வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய், அல்லது இரண்டும். பதினெட்டு வயது நிரம்பாத மகன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீது 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் என அத்திருத்தம் வகுத்தது. அந்த மகன் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. சாவியை எடுத்துக் கொடுக்கும் தந்தையர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அன்புடையீர்! அபராதத்திற்கு அஞ்சி நிறுத்துவது ஒரு நிலை. அதற்கும் மேலான நிலை ஒன்று உண்டு. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசங்களில், நடையில் நிதானமும் குரலில் தாழ்மையும் இடம்பெற்றிருக்கின்றன. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நபி (ஸல்) அவர்கள், தோழர்கள் ஒருவருக்கொருவர் இடையூறாகக் குரலை உயர்த்தி ஓதியதைக் கேட்டு, அவ்வாறு செய்ய வேண்டாமென்று தடுத்ததாக ஹதீஸ் கூறுகிறது. இறைவேதத்தை ஓதும் குரலே பிறருக்குத் தொல்லையாகக் கூடாது எனில், ஒரு குழாயின் ஓசைக்கு நாம் என்ன நியாயம் சொல்ல முடியும்?

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். நம் பள்ளியின் ஒலிபெருக்கி வெளியரங்கிலும் தெருவிலும் எவ்வளவு கேட்கிறது, சொற்பொழிவு இரவு பத்து மணிக்கு முடிகிறதா என்பதை நிர்வாகம் கவனிக்க வேண்டும். திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் வண்டிகளை முறுக்கி வெடிக்கச் செய்யும் பழக்கத்தைப் பெரியவர்கள் பார்த்து மகிழ்ந்துவிட்டு, மறுநாள் பிள்ளைகளைக் கடிவதில் பயனில்லை.

அந்த இளைஞரின் விஷயம் எவ்வாறு முடிந்தது என்று கேட்பீர்கள். அவரைப் பலர் முன்னிலையில் அழைத்துக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. கடிதம் எழுதியவன் நானல்லவா? ஒரு நாள் இஷாவுக்குப் பின், அவர் தந்தையின் அனுமதியோடு, அந்தத் தாயின் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். குழந்தை உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. அப்போது தெருவில் வேறொரு வண்டி அதே விதமாக முழங்கிச் சென்றது. குழந்தை அலறியது. நான் ஒன்றும் பேசவில்லை. அந்த இளைஞர் தலை குனிந்தார். பழைய சைலன்சர் அவர் வீட்டு மாடியில் கோணிப்பையில் கிடந்தது. மறுநாளே பட்டறையில் அதைப் பொருத்திக்கொண்டார். ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

ஆகவே நிர்வாகத்தின் மேலான கவனத்திற்கு நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, வாகன வழக்குகளில் பள்ளிவாசல் கடிதத்தாளில் எவருக்கும் நற்சான்று தரலாகாது. வண்டியைப் பழைய நிலைக்கு மாற்றி, அபராதத்தைச் செலுத்தி, சட்டப்படி மீட்க வழிகாட்டுவதே நம் உதவி. அக்கடிதத்தில் இனி நான் கையொப்பமிட மாட்டேன்.

இரண்டாவது, நம் ஜமாஅத்தில் பட்டறையும் உதிரிபாகக் கடையும் நடத்தும் சகோதரர்கள் இருக்கிறார்கள். சைலன்சரை வெட்டித் தருமாறு கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த வருமானம் போனால் போகட்டும்; ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

மூன்றாவது, பாதிக்கப்படுவோர் தெருவில் நின்று சண்டையிட வேண்டாம். முதலில் தந்தையிடம் தனியே சொல்லுங்கள். கேட்காவிட்டால் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அதற்கும் திருந்தாவிட்டால், காவல் நிலையத்திற்குச் செல்பவரை நம்மவர் எவரும் தடுக்கக் கூடாது. புகார் செய்பவர் எச்சமயத்தவராயினும் அவர் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் உரிமைக்குச் சமயக் கணக்கு இல்லை.

நான்காவது, மாடியிலோ கொல்லையிலோ பழைய சைலன்சரை வைத்திருக்கும் இளைஞர்கள் இந்த வாரமே அதைக் கீழே இறக்குங்கள். உங்களை நான் குற்றவாளிகளாகக் கருதவில்லை. மய்யித் வீட்டுக்கு முதலில் ஓடி வருபவர்களும், வெள்ளத்தில் உணவு சுமந்தவர்களும் நீங்களே. உங்கள் வண்டி தெருவில் நுழையும்போது, உதவி வருகிறது என்று மக்கள் எண்ண வேண்டும், கதவைச் சாத்தலாகாது.

அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் மன்னித்தார். அல்லாஹ்வும் நம் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, பிறருக்கு நிம்மதி தரும் மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.