ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்.

என் தகப்பனார் இங்கே சுரங்கக் கம்பெனியின் கணக்கு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். நான் ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதன் பிறகு இருபத்திரண்டு வருஷம் பெங்களூரில் ஒரு பி.எட். கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றேன். 'கல்வியைப் பற்றி ஏதாவது பேசுங்கோ' என்று செயலர் கேட்டுக் கொண்டார். கல்வி என்றால் பள்ளிக்கூடம், ஸிலபஸ், நுழைவுத் தேர்வு, ஃபீஸ் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். ஆசிரியர்களைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் அந்த ஆசிரியர்களை உருவாக்கும் பேராசிரியர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், அவர்களுக்கு எதில் ஈடுபாடு என்று யாரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறேன்.

இந்த ஊருக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட வரை, சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்துக்குத் தோண்டினார்கள். அந்தச் சுரங்கத்தில் மானேஜர் ஆவதற்கு வெறும் என்ஜினீயரிங் பட்டம் போதாது. 1961-ஆம் வருஷத்து உலோகச் சுரங்க விதிகளின்படி, சுரங்கத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்த அனுபவத்தைக் காட்டினால்தான் மானேஜர் சான்றிதழுக்கான பரீட்சையே எழுத முடியும். மேட் ஆனாலும் சரி, வெடி வைக்கும் பிளாஸ்டர் ஆனாலும் சரி, அதே கதைதான். கேஜில் ஏறிக் கீழே இறங்காதவர், கீழே இருப்பவர்களுக்கு உத்தரவு போட முடியாது.

இப்போது பி.எட். கல்லூரிக்கு வாருங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் வெளியிட்ட விதிமுறைகளில், விரிவுரையாளர் ஆக என்ன கேட்டார்கள்? பாடத்தில் முதுகலைப் பட்டம், எம்.எட்., 55 சதவீத மதிப்பெண். பி.எச்டி. இருந்தால் விசேஷம். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் வகுப்பு எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பி.எஸ்ஸி., பி.எட்., எம்.எஸ்ஸி., எம்.எட். என்று படிகளில் ஏறி, இருபத்தாறு வயதில் நேராக விரிவுரையாளர் நாற்காலியில் உட்கார்ந்து விடலாம். பயிற்சிக் காலத்தில் எடுத்த சில வாரப் பாடங்களைத் தவிர வேறு பள்ளி அனுபவமே இல்லாமல், முப்பது வருஷம் ஆசிரியர்களை உருவாக்கி ஓய்வு பெறலாம். கெட்டிக்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. பலர் தங்க மெடல் வாங்கியவர்கள். நான் கேட்பது, சுரங்கத்துக்கு வேண்டிய ஜாக்கிரதை குழந்தைகளுக்கு வேண்டாமா என்பதுதான்.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சி மாணவி ஒருத்தி ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்தாள். லெசன் பிளான் அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஹெர்பார்ட் என்ற ஜெர்மன் அறிஞர் பெயரால் வழங்கும் படிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் வீட்டுப் பாடம்: 'அப்பா செய்யும் வேலையைப் பற்றி அவரிடம் கேட்டு ஐந்து வாக்கியம் எழுதி வா.' பாதிக் குழந்தைகள் மறுநாள் வெறும் நோட்டோடு வந்தன. இந்த ஊர்க்காரர்களுக்குக் காரணம் உடனே புரிந்திருக்கும். சுரங்கம் மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குழந்தை எழுந்திருக்கும்போது அப்பா கிளம்பியாகி விட்டது. அவர் திரும்பும்போது குழந்தை தூங்கியாகி விட்டது. யாரிடம் கேட்கும்?

வகுப்பைப் பார்வையிட இரண்டு விரிவுரையாளர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நல்ல மார்க் போட்டார். மற்றவர் பதினோரு வருஷம் தொடக்கப் பள்ளியில் இருந்து விட்டுக் கல்லூரிக்கு வந்த அம்மாள். அவர் அந்த மாணவியைத் தனியாகக் கூப்பிட்டு, 'அப்பாவிடம் என்று ஏன் போட்டாய்? வீட்டில் இருக்கும் பாட்டியிடம் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்கச் சொல்லேன்' என்றார். அடுத்த நாள் நோட்டுகள் நிரம்பி வழிந்தன. டிரில்லர், டிராமர், விஞ்ச் டிரைவர் என்று சுரங்கமே வகுப்புக்குள் வந்து விட்டது. அந்த அம்மாளுக்கு டாக்டர் பட்டம் கிடையாது. ஆனால் குழந்தை வெறும் நோட்டோடு வந்தால் தப்பு குழந்தையிடம் இல்லாமல் கேள்வியிலும் இருக்கலாம் என்று தெரிந்திருந்தது. அது பதினோரு வருஷம் கொடுத்த படிப்பு.

இனி சொல்லப் போவது நமக்கே கொஞ்சம் உறைக்கும். பொறுத்துக் கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சித் துறையில் நம்மவர்கள் ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நம் வீடுகளில் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே தாத்தா சிலேட்டில் எழுத்துப் போட்டுக் காட்டி விடுவார். அம்மா சமையல் உள்ளிலிருந்தே வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள். பத்திரிகை வரும், புஸ்தகம் இருக்கும். அப்படி வளர்ந்தவருக்கு, தான் எப்படிப் படிக்கக் கற்றுக் கொண்டோம் என்பதே ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடம் கற்றுக் கொடுத்தது என்று நினைத்துக் கொள்வார். உண்மையில் பாதி வேலையை வீடு செய்திருக்கும். வீட்டில் யாருமே படிக்காத குழந்தைக்கு அந்தப் பாதியையும் பள்ளிக்கூடமே செய்தாக வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதை, வீட்டில் கற்றவர் சுயமாக அறிந்திருக்க மாட்டார். வகுப்பில் நின்று பார்த்துத்தான் அறிய வேண்டும். ஒரு பேராசிரியரின் பின்புலம் அவருடைய சொந்த விஷயம் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அவருக்குத் தெரியாதது அவரிடம் படிக்கும் ஆசிரியருக்குத் தெரியாமல் போகிறது. அந்த ஆசிரியரிடம் படிக்கும் குழந்தைகள் வரைக்கும் அது போய்ச் சேர்கிறது.

இந்தத் துறையில் பெயர் பெற்ற பெரியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் இத்தாலியில் டாக்டராக இருந்தவர். டாக்டருக்கு முதல் வேலை நோயாளியைக் கவனித்துப் பார்ப்பது. அவர் அதே கண்ணோடு குழந்தைகளைப் பார்த்தார். 1907-ல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். 1939-ல் பிரும்ம ஞான சபையின் அழைப்பின் பேரில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யுத்தம் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார், கொடைக்கானலிலும் இருந்தார். நம் நாட்டில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

குஜராத்தில் கிஜுபாய் பதேகா ஒரு வக்கீல். தன் பிள்ளைக்கு எப்படிப்பட்ட படிப்பு வேண்டும் என்று யோசிக்கப் போய் வக்கீல் தொழிலையே விட்டார். 1920-ல் பாவ்நகரில் பால மந்திரம் தொடங்கி, குழந்தைகள் நடுவே தாமே உட்கார்ந்து கற்ற பிறகுதான் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

நம்முடைய சகோதரி சுப்பலக்ஷ்மியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? 1886-ல் பிறந்தவர். பால்யத்திலேயே கல்யாணமாகி, பால்யத்திலேயே கணவரை இழந்தவர். தகப்பனார் துணை நின்றதால் 1911-ல் சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு வருஷமே தன்னைப் போன்ற பால்ய விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். ஐஸ் ஹவுஸில் அவர் அரவணைத்த பெண்கள் படித்து ஆசிரியைகளானார்கள். 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஆரம்பித்தபோதும் அதில் அவருக்கு முக்கிய பங்கு இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பாடம் சொல்லிக் கொடுப்பவளாக மாற்ற முடியும் என்று அவர் நம்பியதற்கு அடிப்படை எந்தப் பாடப் புஸ்தகத்திலும் இல்லை. அவருடைய வாழ்க்கையில் இருந்தது.

மூவரும் மூன்று விதமான வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள். ஆனால் மூவருமே குழந்தைகளோடு நேரில் பழகிய பிறகே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பேராசிரியருக்கு வேறு ஈடுபாடு ஒன்று இருப்பதும் முக்கியம். என்னோடு வேலை பார்த்த பௌதிகப் பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கப் போவார். 'அரை மணி அசையாமல் நின்றால்தான் பறவை வரும். வகுப்பிலும் கேள்வி கேட்டு விட்டு அப்படி நில்' என்று மாணவர்களுக்குச் சொல்வார். வயலின் வாசிக்கும் இன்னொருவர், பின்னத்தைத் தாளம் போட்டுக் காட்டுவார். இவர்களிடம் படித்தவர்கள் பத்து வருஷம் கழித்தும் அதைச் சொல்வார்கள். நோட்ஸ் எழுதிப் போட்டவரின் நோட்ஸ் மட்டும் எங்கோ பரணில் இருக்கிறது.

இதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம் என்று நினைக்க வேண்டாம். 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடும் ஒட்டாமல் பள்ளிகளோடும் ஒட்டாமல் தனித் தீவுகளாக இருப்பதைக் குறையாகச் சொன்னது. நம் பக்கத்து மைசூரில் 1963-ல் தொடங்கிய மண்டலக் கல்விக் கல்லூரியில், பாடத்தையும் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருஷப் படிப்பு வைத்தார்கள். வளாகத்திலேயே பள்ளிக்கூடமும் வைத்தார்கள். 2012-ல் நீதிபதி வர்மா கமிஷன் அறிக்கை வந்தது. அதன் பிறகு பி.எட். இரண்டு வருஷமாகி, இருபது வாரப் பள்ளி அனுபவமும் சேர்ந்தது. 2020-ஆம் வருஷத்து தேசியக் கல்விக் கொள்கை, பயிற்றுவிக்கும் பேராசிரியர்கள் பல துறைகளிலிருந்தும் வர வேண்டும், அவர்களுடைய வகுப்பறை அனுபவத்துக்கும் கள அனுபவத்துக்கும் உயர்ந்த மதிப்பு கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எழுதியாகி விட்டது, நடப்பது கல்லூரிகளின் கையில் இருக்கிறது.

மாணவர்களுக்கு இருபது வாரம் பள்ளி என்று வைத்தோமே, பேராசிரியருக்கு எத்தனை வாரம்? வருஷத்தில் ஒரு மாதம் ஒவ்வொரு விரிவுரையாளரும் பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பைத் தாமே ஏற்று நடத்தட்டும். பார்வையிட வேண்டாம், நடத்த வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசும் குழந்தைகள் ஒரே பெஞ்சில் உட்காரும் இந்த ஊரில் ஒரு மாதம் வகுப்பு எடுத்தால் போதும், மொழி கற்பித்தலைப் பற்றிய பாதி நோட்ஸைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1965-ல் டாடா ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானிய, பிரிட்டிஷ் பேராசிரியர்களோடு சேர்ந்து, இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். மேலே லாபரட்டரியில் உட்கார்ந்து கொண்டு அதைப் பார்த்திருக்க முடியாது.

நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெண்ணோ மருமகளோ பி.எட். சேரப் போகிறாள் என்றால் கட்டடத்தையும் ஃபீஸையும் மட்டும் விசாரிக்காதீர்கள். 'இங்கே சொல்லிக் கொடுப்பவர்களில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள்?' என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கல்லூரிகள் யோசிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷ அனுபவம் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிறது. வாரம் ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், லெசன் பிளானைப் படித்துப் பார்த்து, இது குழந்தைக்குச் சரிப்படுமா என்று சொல்லுங்கள். மூத்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றும் அதே கல்விக் கொள்கையில் இருக்கிறது. அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்ததால் நாம் படித்தோம். அப்படி யாரும் இல்லாத குழந்தைக்கு ஒரு நல்ல டீச்சர் கிடைக்கட்டும். அந்த டீச்சருக்கு, வகுப்பறை தெரிந்த ஒரு நல்ல பேராசிரியர் கிடைக்கட்டும்.